அமெரிக்கக் குடியுரிமை: ஆங்கிலத் தேர்விலும் குடிமையியல் தேர்விலும் யாருக்கு விலக்கு உண்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெற்றோருக்குக் குடியுரிமை விண்ணப்பம் போடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும், "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதே" என்ற கவலைதான் முதலில் வரும். வார இறுதிகளில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விலக்கு என்பது அதிகாரி மனமிரங்கித் தரும் சலுகை அன்று. அது சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. ஆனால் அந்த உரிமை தேதிக் கணக்கிலும், மருத்துவர் எழுதும் சில வரிகளிலும் அடங்கியிருப்பதால், அந்த இரண்டிலும் கவனம் தவறினால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும்.

விலக்கு இல்லாதவர் எந்தத் தேர்வை எழுத வேண்டும்?

குடியுரிமைக்கான விண்ணப்பப் படிவம் என்-400. அதைக் கொடுத்த பிறகு நடக்கும் நேர்காணலில் இரண்டு தேர்வுகள் உண்டு. முதலாவது ஆங்கிலம்: அதிகாரியின் கேள்விகளைப் புரிந்துகொண்டு பேச வேண்டும், மூன்று வாக்கியங்களில் ஒன்றையாவது சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றையாவது சரியாக எழுத வேண்டும். இரண்டாவது குடிமையியல், அதாவது அமெரிக்காவின் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்விகள். இவை வாய்மொழியாகவே கேட்கப்படும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்கப்படும். 12 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதற்கு முன்பு விண்ணப்பித்தவர்களுக்கு 100 கேள்விகள் கொண்ட பழைய பட்டியல் பொருந்தும். அதில் 10 கேட்டு, 6 சரியாகச் சொன்னால் போதும்.

வயதை வைத்து யாருக்கு விலக்கு கிடைக்கும்?

மூன்று படிகள் உண்டு. 50 வயது நிறைந்து, நிரந்தரக் குடியிருப்பாளராக, அதாவது கிரீன் கார்டுடன், 20 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவருக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. 55 வயது நிறைந்து 15 ஆண்டுகள் அப்படி வாழ்ந்தவருக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. இந்த இரு பிரிவினரும் குடிமையியல் தேர்வை முழுமையாக எழுதியே ஆக வேண்டும். ஆனால் அதைத் தமிழில், மொழிபெயர்ப்பாளர் துணையோடு, சொல்லலாம்.

மூன்றாவது படி 65 வயதும் 20 ஆண்டுகளும் நிறைந்தவர்களுக்கானது. இவர்களுக்கும் ஆங்கிலம் கிடையாது. அதோடு குடிமையியலும் எளிதாகிறது. பட்டியலில் உடுக்குறி (*) இட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். அவற்றிலிருந்து 10 கேட்பார்கள். 6 சரியாக இருக்க வேண்டும்.

வயதை மட்டும் காரணமாகக் காட்டிக் குடிமையியல் தேர்விலிருந்து முழு விலக்கு பெற வழியே இல்லை. தொண்ணூறு வயதானவருக்கும் இதுதான் விதி. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த விதிகள் எப்படி வந்தன?

குடியுரிமை பெற ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும் என்பது 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், வரலாறும் ஆட்சிமுறையும் தெரிய வேண்டும் என்ற கட்டாயத்தை 1950ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. ஆனால் பல ஆண்டுகள் அந்நாட்டில் உழைத்து முதுமை அடைந்தவர்களுக்கு அப்போதே அந்தச் சட்டம் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தது. 55 வயது, 15 ஆண்டு என்ற படி 1990இல் வந்தது. உடல்நலம் குன்றியவர்களுக்கான விலக்கும், 65 வயதினருக்கான எளிய தேர்வும் 1994இல் வந்தன. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவர் நாற்பது ஆண்டுகள் வரி கட்டி வாழ்ந்த நாட்டில் உரிமையோடு வாக்களிக்கலாம் என்பதை ஒரு நாடாளுமன்றம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதை நான் பெரிய விஷயமாகவே கருதுகிறேன். ஆகவே விலக்கு கேட்கக் கூச்சப்பட எந்தக் காரணமும் இல்லை.

என் அம்மாவுக்கு வயது 67. கிரீன் கார்டு வாங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு விலக்கு உண்டா?

வயதின் அடிப்படையில் இப்போது இல்லை. வயது போதும், ஆண்டுகள் போதவில்லை. இன்னும் 3 ஆண்டுகள் கழிந்து 15 நிறையும்போது ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கும். குடிமையியலை முழுப் பட்டியலிலிருந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். 20 ஆண்டுகள் நிறைந்த பிறகுதான் உடுக்குறி இட்ட 20 கேள்விகள் என்ற வசதி. அதுவரை காத்திருப்பதா, இப்போதே ஆங்கிலம் கற்றுக்கொண்டு எழுதுவதா என்பதை அம்மாவின் உடல்நிலையையும் ஆர்வத்தையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். குடியுரிமை பெற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கிரீன் கார்டைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வாழலாம்.

ஆண்டுகளை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எண்ண வேண்டும்?

கிரீன் கார்டில் "குடியிருப்பாளரான நாள்" என்று அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து, என்-400 விண்ணப்பத்தைக் கொடுக்கும் தேதி வரை எண்ண வேண்டும். அதற்கு முன் வருகையாளர் விசாவில் வந்து பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட மாதங்களோ, வேலை விசாவில் இருந்த ஆண்டுகளோ இந்தக் கணக்கில் சேரா.

வயதும் ஆண்டும் விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும். நேர்காணல் நாளில் நிறைந்தால் போதும் என்பது தவறு. இன்னொரு குழப்பமும் உண்டு. கிரீன் கார்டோடு 5 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற பொதுவான நிபந்தனை நிறைவதற்கு 90 நாள்கள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்ற விதி இருக்கிறது. அந்த 90 நாள் சலுகை 15 ஆண்டு, 20 ஆண்டுக் கணக்குகளுக்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு, குடும்பத்தார் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, 15 ஆண்டு நிறைய 11 நாள்கள் இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்கள். நேர்காணல் நடந்தபோது 15 ஆண்டு தாண்டி மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் விலக்கு கிடைக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமும் தேவைப்பட்டன. பதினொரு நாள் பொறுத்திருந்தால் அந்த வேதனை நேர்ந்திருக்காது. இன்றும் யார் வந்தாலும் கார்டை வாங்கி, அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்குகிறேன்.

அப்பா ஆண்டுதோறும் சில மாதங்கள் ஊருக்குப் போய்விடுவார். அதனால் கணக்கு அறுந்துவிடுமா?

15, 20 ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாழ்ந்த காலங்களின் கூட்டுத்தொகைதான் பார்க்கப்படும். ஆகவே வழக்கமான ஊர்ப் பயணங்களால் விலக்கு பறிபோகாது.

ஆனால் குடியுரிமைக்கே உரிய பொது நிபந்தனைகள் தனியாக இருக்கின்றன, அவற்றில்தான் நம் பெரியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த 5 ஆண்டுக் குடியிருப்பின் தொடர்ச்சி முறிந்ததாகக் கருதப்படும். அப்படி முறியவில்லை என்று சான்றுகளோடு நிறுவலாம். ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால், பெரும்பாலும் புதிதாகக் கணக்கைத் தொடங்க வேண்டியதுதான். பொங்கலுக்குப் போனவர் பங்குனி உத்திரம், கோடைத் திருவிழா, பேத்தி சடங்கு என்று தங்கி ஆடி வரை இருந்துவிட்டால் 6 மாதம் தாண்டிவிடும். பயணச்சீட்டு எடுக்கும்போதே நாள்காட்டியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கணவருக்கு விலக்கு இருந்தால் மனைவிக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வயது, அவரவர் கிரீன் கார்டு தேதி. ஒரே நாளில் ஒன்றாக வந்திறங்கிய தம்பதியரில், 15 ஆண்டுகள் நிறையும்போது ஒருவருக்கு 56, மற்றவருக்கு 52 வயது என்றால், முன்னவருக்கு மட்டுமே அப்போது விலக்கு உண்டு.

தமிழில் குடிமையியல் தேர்வு எப்படி நடக்கும்? எப்படித் தயாராவது?

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். விண்ணப்பதாரர் தமிழில் பதில் சொல்ல, அது ஆங்கிலத்தில் அதிகாரிக்குப் போகும். விண்ணப்பத்தில் உள்ள கேள்விகளும் இப்படியே நடக்கும்.

தமிழில் என்பதால் எளிது என்று விட்டுவிடக் கூடாது. நம் ஊர் ஆட்சிமுறைச் சொற்கள் மனத்தில் ஊறியிருப்பதே இங்கே இடைஞ்சலாகிறது. "உங்கள் மாநிலத்தின் ஆளுநர் யார்?" என்று கேட்டால், தமிழ்நாட்டில் வாழ்ந்தவருக்கு ஆளுநர் என்பவர் டெல்லி நியமிக்கும் ஒருவர், ஆட்சி செய்பவர் முதலமைச்சர். அமெரிக்காவில் மாநிலத்தை ஆள்பவரே ஆளுநர், அவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு முறை வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது, ஒரு தாத்தா, "கவர்னர் பேரெல்லாம் எதுக்குத் தம்பி, சி.எம். யாருன்னு கேளு, சொல்றேன்" என்றார். பிறகு அவருக்கு, "இங்கே கவர்னர்தான் தாத்தா சி.எம்." என்று ஒரே வரியில் சொன்னோம், அதற்குப் பிறகு அந்தக் கேள்வியில் அவர் தவறவே இல்லை. அதேபோல் காங்கிரசின் இரு பகுதிகள் எவை என்றால், மக்களவை, மாநிலங்களவை என்று நாக்கில் வந்துவிடும். செனட், பிரதிநிதிகள் சபை என்றே பழக வேண்டும். போதாக்குறைக்கு, காங்கிரஸ் என்ற சொல்லே நம் காதில் ஒரு கட்சியின் பெயராகத்தான் விழும்.

அதனால் வெறும் மனப்பாடத்தை விட, ஊரில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பதே பலன் தருகிறது. நாளுக்கு இரண்டு கேள்விகள், காப்பி குடிக்கும் நேரத்தில், யார் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்கினால் போதும். முக்கியமாக, பயிற்சியில் பயன்படுத்தும் அதே சொற்களை மொழிபெயர்ப்பாளரும் பயன்படுத்துமாறு முன்கூட்டியே அவரோடு அமர்ந்து பேசிக்கொள்ளுங்கள். "அரசியலமைப்புச் சட்டம்" என்று பழகியவரிடம் அன்றைக்கு யாரோ "சாசனம்" என்றால் திகைத்துப்போவார். குடியரசுத் தலைவர், ஆளுநர், செனட்டர் போன்ற பதவிகளில் இருப்போர் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், அந்தப் பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் பதிலை மதிப்பிடும்போதும் விண்ணப்பதாரரின் கல்வி, வயது, பின்னணி, அவர் எடுத்துக்கொண்ட முயற்சி ஆகியவற்றை அதிகாரி கருத்தில் கொள்ள வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. இது எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளரை அலுவலகம் தருமா? மகனே செய்யலாமா?

விண்ணப்பதாரர்தான் அழைத்து வர வேண்டும். இரு மொழியும் நன்கு தெரிந்தவராக, 18 வயது நிறைந்தவராக, அடையாள அட்டை உள்ளவராக அவர் இருக்க வேண்டும். நேர்காணல் தொடங்கும் முன் ஜி-1256 என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் இந்த வழக்கில் சார்பற்றவராக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மகனையோ மருமகளையோ ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. மறுத்தால் நேர்காணலே தள்ளிப்போகும் என்பதால், உறவினரல்லாத ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வதே என் அறிவுரை. பதிலை எடுத்துக்கொடுப்பவர், "அம்மா அதைத்தான் சொல்ல வருகிறார்" என்று விளக்குபவர் வேண்டாம். கேட்டதை மட்டும் சொல்பவர் வேண்டும்.

நோயினால் எதையுமே கற்றுக்கொள்ள முடியாதவருக்கு என்ன வழி?

அதற்குத்தான் என்-648 என்ற மருத்துவச் சான்றுப் படிவம். உடல் குறைபாடோ, வளர்ச்சிக் குறைபாடோ, மனநலக் குறைபாடோ ஒருவரை ஆங்கிலமோ குடிமையியலோ கற்கவும் நினைவில் வைத்துச் சொல்லவும் முடியாதபடி ஆக்கியிருந்தால், அந்தத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கும். இதற்கு வயது வரம்பும் இல்லை, 15 ஆண்டு, 20 ஆண்டுக் கணக்கும் இல்லை. பொதுவான குடியிருப்பு நிபந்தனைகள் மட்டும் நிறைந்தால் போதும். குறைபாடு 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். சட்டவிரோதப் போதைப்பொருளால் வந்ததாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவரோ, ஆஸ்டியோபதி மருத்துவரோ, மருத்துவ உளவியலாளரோ நேரடியாகப் பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். ஊரில் பல ஆண்டுகள் பார்த்த மருத்துவரின் கடிதம் துணை ஆவணமாகலாமே தவிர, இதற்கு ஈடாகாது. விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய 180 நாள்களுக்குள் கையெழுத்தாகியிருக்க வேண்டும். படிவத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுப்பது நல்லது.

படிவம் தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. மருத்துவர் நோயின் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார். "நோயாளிக்கு மறதி நோய் உள்ளது, ஆங்கிலம் கற்க இயலாது" என்றால் அதிகாரி ஏற்கமாட்டார். நோய்க்கும் கற்க முடியாமைக்கும் உள்ள தொடர்பை அவர் தேடுகிறார். எப்போது கண்டறியப்பட்டது, எந்தச் சோதனையால், சோதனையில் என்ன தெரிந்தது, ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்ன மூன்று சொற்களைக்கூடத் திரும்பச் சொல்ல முடியவில்லை என்பது போன்ற நடப்பு விவரம், அதனால் புதிய செய்தியை மனத்தில் நிறுத்தும் திறன் எப்படிக் குலைந்திருக்கிறது, அது தேர்வின் எந்தப் பகுதியைத் தடுக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். 2025 ஜூனில் வந்த வழிகாட்டுதல் இந்தத் தொடர்பை இன்னும் கண்டிப்பாகக் கேட்கிறது. எனவே மருத்துவரிடம் போகும்போது, அன்றாட வாழ்வில் நீங்கள் காண்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: அடுப்பை அணைக்க மறப்பது, பேரனைத் தம்பியின் பெயர் சொல்லி அழைப்பது, தெருமுனைக்குப் போய் வழி தெரியாமல் நிற்பது. மருத்துவருக்கு இவை பயன்படும். உள்ளது உள்ளபடி மட்டுமே எழுதுங்கள். கூட்டிச் சொன்ன ஒரு வரி முழுச் சான்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

போரின் ஊடாக வாழ்ந்து வந்த ஈழத் தமிழ்ப் பெரியவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறக்கமின்மை, திடுக்கிடல், கவனம் நிலைக்காமை போன்றவற்றை வீட்டில் "சுபாவம்" என்று சொல்லிப் பல ஆண்டுகள் கடந்துவிடுகிறார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலும் கடுமையான மனச்சோர்வும் மருத்துவர் கண்டறியக்கூடிய குறைபாடுகளே. அவை கற்கும் திறனை முடக்கியிருந்தால் இந்த விலக்குக்கு உரியவை. படிவத்துக்காக இல்லாவிட்டாலும் சிகிச்சைக்காகவாவது அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

முதுமை, படிப்பறிவின்மை இவற்றைக் காரணமாகக் காட்டலாமா?

காட்ட முடியாது. "80 வயது, கைநாட்டு" என்பது மட்டும் மருத்துவக் காரணம் ஆகாது. மருத்துவர் படிவத்தில் முதுமையை முதன்மைக் காரணமாக எழுதினால் மறுப்பு உறுதி.

காது கேளாதவர், கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர்?

இவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது விலக்கு அன்று, வசதி. சைகைமொழி பெயர்ப்பாளர், பெரிய எழுத்து, கூடுதல் நேரம், நகர முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து நேர்காணல் என்று கேட்டுப் பெறலாம். இதற்கு என்-648 வேண்டியதில்லை. தேவையை முன்கூட்டியே தெரிவித்தால் போதும்.

என்-648 சான்றை அதிகாரி ஏற்காவிட்டால்? அல்லது தேர்வில் தவறினால்?

சான்று ஏற்கப்படாவிட்டால் தேர்வை வழக்கம்போல் எழுதச் சொல்வார்கள். முடியாவிட்டால் அது முதல் வாய்ப்பாகக் கணக்கிடப்படும். முதல் முறை தவறிய யாருக்கும் 60 முதல் 90 நாள்களுக்குள் இரண்டாம் வாய்ப்பு உண்டு, அதுவும் தவறிய பகுதியில் மட்டும். அந்த இடைவெளியில் மருத்துவரிடம் போய், எந்த விளக்கம் போதவில்லை என்று அதிகாரி சொன்னாரோ அதை நிறைவு செய்து கொண்டுவரலாம். இரண்டாம் முறையும் தவறினால் விண்ணப்பம் மறுக்கப்படும். அதன் மீது 30 நாள்களுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம்; அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. கிரீன் கார்டு, தேர்வில் தவறியதால் பறிபோகாது.

குடியுரிமை பெறும்போது கடைசியாக எடுக்க வேண்டிய உறுதிமொழியை எடுக்கும் நிலையிலேயே அம்மா இல்லை. அப்போது?

உறுதிமொழியின் பொருளை உணர முடியாத அளவுக்கு மனநலம் குன்றியவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்ய 2000ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவரின் எழுத்துச் சான்று வேண்டும். சட்டப்படியான பாதுகாவலரோ நெருங்கிய உறவினரோ அவர் சார்பில் விண்ணப்பத்தை நடத்தலாம். இத்தகைய வழக்குகளைக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். நான் தனியாக இவற்றைத் தொடுவதில்லை.

குடியுரிமை வந்த பின் ஊரில் உள்ள வீடு, நிலம், வாக்குரிமை என்னவாகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும், அதைக் கொண்டு ஓ.சி.ஐ. அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையோடு விசா இல்லாமல் ஊருக்குப் போய் வரலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. இந்தியாவில் வாழ்ந்தபோது வாங்கிய நிலமும் பூர்வீகமாக வந்த நிலமும் அவர்களுடையதாகவே இருக்கும். புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையைச் சேர்ந்தவர்களுக்கு இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி அந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. இந்த முடிவைப் பிள்ளைகள் மட்டும் எடுத்துவிடாமல், விண்ணப்பம் நிரப்பும் முன்பே பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லி, அவர்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் இருந்து தம் பெயர் போகும் என்பதை நேர்காணல் முடிந்து வீடு திரும்பும் வழியில் காரில் கேட்டு அழுத ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.